வெங்காயத்துக்கு 5 நிமிடம் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். சமையல் புத்தகங்கள் அச்சுக்குப் போகும் முன் அவற்றைச் சமைத்துப் பார்த்துத் திருத்துவது என் வேலை. எழுதியிருப்பதை மட்டும் செய்வேன். மூடி போடச் சொல்லவில்லையா, போடமாட்டேன். கிளறச் சொல்லவில்லையா, அடிப்பிடித்தாலும் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்படி முரண்டு பிடித்துச் சமைத்தால்தான் குறிப்பில் எங்கே ஓட்டை என்று தெரியும். வீட்டில் இருப்பவர்கள்தான் பாவம், அந்த ஓட்டைகளையெல்லாம் அவர்கள்தான் சாப்பிட்டாக வேண்டும்.

நான் அதிகம் பார்த்த ஓட்டை வெங்காயத்தில்தான். ‘மிதமான தீயில் 5 நிமிடம், பொன்னிறமாகும் வரை வதக்கவும்’ என்று இருக்கும். 5 நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி போல ஆகும், அவ்வளவுதான். ஏனென்றால் வெங்காயத்தில் 90 சதவீதத்துக்குப் பக்கம் தண்ணீர். அது போகிற வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் அடம் பிடிக்கும். நிறமும் அந்த மணமும் 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கின்றன. ஆகவே பொன்னிறத்துக்கு 15, 20 நிமிடம் ஆகும். அடர்ந்த பழுப்பு வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அப்புறம் ஏன் 5 என்று எழுதுகிறார்கள்? சமைக்கும்போது யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, பிறகு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுகிறார்கள். அட்டையில் ‘அரை மணி நேரச் சமையல்’ என்று போட்டுவிட்டால் உள்ளே வெங்காயத்துக்கு 20 நிமிடம் கொடுக்கவும் முடியாது!

அந்த ஒரே வரியில் இரண்டு கட்டளைகள் இருப்பதைக் கவனித்தீர்களா? 5 நிமிடம் என்பது ஒன்று, பொன்னிறம் என்பது இன்னொன்று. இரண்டும் மோதும்போது நான் பொன்னிறத்தின் பக்கம். சட்டியின் கனம், அடுப்பின் வேகம், நறுக்கிய அளவு எல்லாம் சேர்ந்து நேரத்தை மாற்றிவிடும். நிறம் அப்படி மாறாது. இந்த விஷயத்தில் தமிழ்ச் சமையல் குறிப்புகளைப் பாராட்டியே ஆகவேண்டும். ‘பச்சை வாசனை போக’, ‘எண்ணெய் பிரிந்து வர’, ‘சலசலப்பு அடங்க’ என்று மூக்குக்கும் கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுத்து எழுதுகிறோம். எண்ணெயில் போட்ட பண்டம் சலசலப்பதே அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதால்தான். சத்தம் அடங்குகிறது என்றால் ஈரம் தீர்ந்துவருகிறது என்று பொருள். எழுதியவர் அறிவியல் படித்தாரோ இல்லையோ, காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

அளவுகளுக்கு வருவோம். பொருட்களைத் தனியாகப் பட்டியல் போட்டு, அளவும் நேரமும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் 1845-இல் இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் எழுதிய புத்தகத்தில் தெளிவாகத் தெரிகிறது. அவர் முதலில் கவிஞர், பிறகுதான் சமையல். 1896-இல் அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர், கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக எழுதினார். பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 237 மில்லி, மெட்ரிக் கோப்பை 250 மில்லி. ஒரே கோப்பையில் மாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம் நிற்கும், அழுத்தி வாரினால் 150 கிராம்கூட ஏறும். தராசு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதனால் மாவுக்கு கிராம் கணக்கு சொல்லாத ரொட்டிப் புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

கரண்டி இன்னும் மோசம். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. ‘தே.க.’, ‘மே.க.’ என்று சுருக்கினால் ஒரே எழுத்துதான் வித்தியாசம். ஒருமுறை ‘தே’ இருக்கவேண்டிய இடத்தில் ‘மே’ அச்சாகிவிட்டது, அதுவும் உப்புக்கு. மெய்ப்புப் பார்த்தது நான்தான். அன்றிலிருந்து என் கையில் வரும் எந்தப் புத்தகத்திலும் சுருக்கெழுத்து கிடையாது.

உப்பு ‘தேவையான அளவு’ என்று எழுதுவதைக் கண்டால் முன்பு கோபம் வரும். இப்போது பாதிக் கோபம்தான். ஒரு தேக்கரண்டி தூள் உப்பு 6 கிராம் என்றால், செதில் உப்பு அதில் பாதிதான் இருக்கும். ருசி பார்த்துச் சேர்க்க முடிந்த குழம்புக்குத் ‘தேவையான அளவு’ சரி. பச்சை மாவையோ பச்சை இறைச்சியையோ வாயில் போட்டுப் பார்க்க முடியாதே! அங்கே எண் கொடுத்தாக வேண்டும். ரொட்டி மாவுக்கு, மாவின் எடையில் 2 சதவீதம் உப்பு என்பது நல்ல தொடக்கம்.

அடையாளத்தை நம்புங்கள் என்றேன். ஓர் இடத்தில் மட்டும் நம்பாதீர்கள். கோழி வெந்ததா என்பதற்கு நிறம் சாட்சி ஆகாது. உள்ளே கனத்த பகுதியில் 74 டிகிரி காட்டவேண்டும், அதற்குச் சமையல் வெப்பமானிதான் வழி. மீந்த உணவை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். இந்த இரண்டையும் சொல்லாமல், தட்டை அலங்கரிப்பதற்கு நான்கு பக்கம் ஒதுக்கும் புத்தகங்கள் நிறைய உண்டு.

கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது படங்களைத் தாண்டிப் போங்கள். உங்களுக்குக் கைவந்த ஒரு பண்டத்தின் குறிப்பைப் படியுங்கள். நீங்கள் ஒருமுறை சொதப்பிய இடத்தில் அந்த ஆசிரியர் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கிறாரா? இருந்தால் அவர் அடுப்படியில் நின்றவர்.

வாங்கியபின் பென்சிலை எடுங்கள். என் பழைய புத்தகத்தில் அந்த ‘5 நிமிடம்’ அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘18’ என்று இருக்கும். அடுப்பு மாற்றியபின் அதையும் அடித்து ‘14’ என்று எழுதியிருக்கிறேன். ‘பொன்னிறம்’ மட்டும் அப்படியே இருக்கிறது.