கண்மாய்க்கு ஊர்க்கட்டுப்பாடு உண்டு, கடலுக்கு?

[காட்சி: வற்றிய கண்மாய். கரை முழுக்க ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் பிடித்தபடி ஜனம்.]

குரல்: சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பக்கத்து மீன்பிடித் திருவிழா பார்த்திருக்கிறீர்களா? அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும்வரை கண்மாயில் யாரும் இறங்குவதில்லை. ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் இறங்கலாம். முன்னாடியே இறங்கினவரை ஊரே கேட்கும். சமூகமே மீன்வளத்தை நிர்வகிப்பது என்று பெரிய வார்த்தையில் சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

[காட்சி: தேவகோட்டை, திருவாடானை தாண்டி விரியும் தொண்டிக் கடற்கரை.]

குரல்: செட்டிநாட்டுக்குக் கிழக்கெல்லை கடல் என்பார்கள். அந்தக் கடலில் எந்தத் தண்ணீர் எந்த ஊருக்கு? தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என எல்லா ஊர்ப் படகும் அங்கேதான் போகிறது. சட்டம் இல்லாமல் இல்லை. 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். சரி, மீன்துறை அதிகாரி எத்தனை கரையில்தான் போய் நிற்பார்?

அதனால்தான் மீன்வளத்தைப் பார்த்துக்கொள்ளக் கரையிலேயே ஆள் பழக்க வேண்டியிருக்கிறது. மீனவருக்கு மீன்பிடிக்கச் சொல்லித் தரப் போனால் சிரிப்பார்கள். பயிற்சி வேண்டியது ஊருக்கும் அரசுக்கும் நடுவே நிற்கிறவருக்கு: சங்கச் செயலாளர், கள அலுவலர், படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள்.

[காட்சி: வலையிலிருந்து நீலக்கால் நண்டைக் கழற்றும் கைகள். பக்கத்தில் அளவுகோல், நோட்டு.]

குரல்: முதல் பாடம் அளப்பது. நண்டு ஓட்டின் இரு ஓரங்களிலும் நீண்ட முள் இருக்கும். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அகலம் எடுக்க வேண்டும். வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், வளர்ந்த பெண்ணுக்கு அகலமாக இருக்கும். சினை நண்டா என்று பார்த்து, முட்டையின் நிறத்தையும் குறிக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் புதுச் சினை. கறுத்துவிட்டால் பொரியப் போகிறது. ஒரே நண்டில் லட்சக்கணக்கில் முட்டை. எந்த இடம், எந்த வலை, வலைக்கண் எவ்வளவு அகலம் என்பதும் நோட்டில் ஏற வேண்டும்.

வெளியூர் அதிகாரி வந்து "உங்க வலைக்கண் சின்னது" என்றால் சண்டைதான் வரும். ஊர்ப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அளந்த நோட்டை ஊர்க்கூட்டத்தில் பிரித்தால் பேச்சு வேறு மாதிரி போகும். பயிற்சியில் அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும் என்பேன். பல முகாம்களில் சான்றிதழ் கொடுக்கிற படத்துக்குத்தான் அதிக நேரம் போகிறது!

கூட்டம் நடத்துவதும் ஒரு பாடம். ஏல நேரத்தில் கூட்டம் வைத்தால் மீன் விற்கும் பெண்கள் எப்படி வருவார்கள்? 2014 இல் ஏற்கப்பட்ட உலக உணவு வேளாண் அமைப்பின் சிறு மீன்பிடிப்பு வழிகாட்டுநெறிகளும் பெண்களின் பங்கை வலியுறுத்துகின்றன. விலை நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும். சினை நண்டை வியாபாரி வாங்கும்வரை, விடச் சொல்லி எத்தனை தீர்மானம் போட்டு என்ன?

[காட்சி: கேரளம், அஷ்டமுடிக் காயல்.]

குரல்: இங்கே மட்டி எடுப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிவரை, இனப்பெருக்கக் காலத்தில், நிறுத்திவிடுகிறார்கள். மீனவர், வியாபாரி, விஞ்ஞானி, அதிகாரி என எல்லாரும் சேர்ந்து பேசி நிர்வகிக்கிறார்கள். 2014 இல், வளம் கெடாமல் மீன்பிடிப்பதற்கான MSC என்ற உலகச் சான்றிதழ் பெற்ற இந்தியாவின் முதல் மீன்வளம் இதுதான்.

நம் பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில்தான் இருக்கிறது. அந்த மாணவர்களையும் வலை இழுக்கும் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கலாமே.

[காட்சி: தூரத்தில் விசைப்படகு. நாட்டுப்படகில் செல்போனோடு ஒருவர்.]

குரல்: அப்புறம், கரையோர எல்லைக்குள் நுழைந்த விசைப்படகைப் பார்த்தால் என்ன செய்வது? ஊர்க்கட்டுப்பாடு ஊர்ப் படகுக்குத்தான். வெளிப்படகைப் பிடிக்கும் அதிகாரம் ஊருக்கு இல்லை. நடுக்கடலில் வலையை அறுக்கப் போனால் உயிருக்கே ஆபத்து. படகின் பதிவு எண், நேரம், செல்போன் காட்டும் இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு, கரைக்கு வந்ததும் மீன்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி வைக்க வேண்டும்.