திரும்பி வந்த முதல் இரண்டு வாரம்

வணக்கம் நேயர்களே. விளக்கமறியலிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ பிள்ளை வீடு வந்ததும் கண்டம் தாண்டியாயிற்று என்று நினைக்கிறோம். ஹெரோயின் எடுத்தவருக்கு அந்த முதல் இரண்டு வாரம்தான் ஆகப் பொல்லாதது. தூளை விட்டிருந்த நாட்களில் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். கை மட்டும் பழைய அளவையே தேடும். பழைய அளவை எடுத்தால் மூச்சு அடங்கும். மதுவோ நித்திரைக் குளிசையோ பிரெகபாலின் என்ற நரம்புவலிக் குளிசையோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

மறுபடி எடுத்துவிடுவாரோ என்ற பயமிருந்தால் இரண்டு விஷயத்தையாவது அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக எடுக்கக்கூடாது, வேறெதையும் கலக்கக்கூடாது. இது அனுமதி கொடுப்பதல்ல. உயிரோடு இருந்தால்தானே சிகிச்சைக்குக் கூட்டிப்போகலாம்.

வழக்கமில்லாத கரகரத்த குறட்டை கேட்டால் 'அசதி, தூங்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். உலுக்கியும் எழும்பவில்லை, மூச்சு மெதுவாக விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பொலிஸ் வருமோ என்று யோசிக்க நேரமில்லை; ஒட்சிசன் இல்லாமல் மூளை சில நிமிடமே தாங்கும். மூச்சு நின்றிருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, ஐந்து செக்கனுக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடித்துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவை வேகமாக அழுத்துங்கள். மூச்சு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். உப்புத் தண்ணீர் பருக்குவது, தலையில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம்; பருக்கியது நுரையீரலுக்குள்தான் போகும்.

ஆஸ்பத்திரியில் ஹெரோயினின் வேலையை முறிக்கும் நலொக்சோன் மருந்தைக் கொடுத்ததும் சிலர் எழுந்து உட்கார்ந்து 'வீட்டுக்குப் போவோம்' என்பார்கள். கூட்டிவராதீர்கள். அந்த மருந்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் தேய்ந்துவிடும். உள்ளே போன போதை மிச்சமிருந்தால் மூச்சு மறுபடி விழும்.

ஐஸ் என்னும் மெத்தம்பெட்டமைன் போதையின் கதை வேறு. அதில் உடம்பு கொதிக்கும், நெஞ்சு வலிக்கும், நாட்கணக்கில் நித்திரை வராது, இல்லாத குரல் கேட்கும். வாதாடாமல், வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் வைத்து உடம்பைக் குளிர்த்துங்கள். நெஞ்சுவலி, வலிப்பு என்றால் அதற்கும் 1990தான்.

ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927. மனநல உதவிக்கு 1926. தமிழில் பேச வேண்டுமென்று முதலிலேயே கேளுங்கள். என்ன எடுக்கிறார், எவ்வளவு காலமாக, கடைசியாக எப்போது, வேறு என்ன குளிசை என்பதை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள்.