கோணம் இரட்டித்தால் தூரம் பாதியாகுமா?

அடுத்ததாக, ஏற்றக் கோணம் (கிடைமட்டத்திலிருந்து உச்சியைப் பார்க்கப் பார்வையை உயர்த்தும் கோணம்) பற்றி ஒரு மாணவர் அனுப்பியிருக்கும் சந்தேகத்தை எடுத்துக்கொள்கிறேன். கணக்கு இதுதான்: ஓரிடத்தில் நின்று கோபுரத்தின் உச்சியைப் பார்க்கும்போது ஏற்றக் கோணம் 30 டிகிரி, கோபுரத்தை நோக்கி 40 மீட்டர் நடந்து சென்று பார்க்கும்போது அது 60 டிகிரி, அப்படியானால் கோபுரத்தின் உயரம் என்ன? கோணம் இரு மடங்கானதால் தூரம் பாதியாகியிருக்கும், ஆகவே தொடக்கத்தில் இருந்த தூரம் 80 மீட்டர் என்று கொண்டு, அதை டேன் 30 டிகிரியால் (உயரத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதத்தால்) பெருக்கி, 46.19 மீட்டர் என்று விடை கண்டிருக்கிறார். விடைப் பகுதியில் 20√3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 34.64 மீட்டர் என்று இருக்கிறதே, என் பிழை எங்கே என்று கேட்கிறார்.

விடையைப் பார்க்காமலேயே இந்தப் பிழையை அவர் கண்டுபிடித்திருக்கலாம். தாம் கண்ட தூரங்களை இரண்டாவது இடத்திலும் வைத்துச் சரிபார்த்திருந்தால், 40 மீட்டரை டேன் 60 டிகிரியால் பெருக்கும்போது 69.28 மீட்டர் வந்திருக்கும். ஒரே கோபுரத்துக்கு இரண்டு உயரங்கள் இருக்க முடியாது அல்லவா?

பிழையின் வேர், கோணத்தையும் தூரத்தையும் எதிர் மாறலில் (ஒன்று இரு மடங்கானால் மற்றது பாதியாகும்படி) இருப்பவையாகக் கருதியதுதான். தூரத்தோடு எதிர் மாறலில் இருப்பது கோணம் அன்று, கோணத்தின் டேன் மதிப்பு. ஏனெனில் டேன் என்பது உயரத்தைத் தூரத்தால் வகுத்துக் கிடைப்பது, இங்கே உயரமோ மாறவில்லை. டேன் 30 டிகிரி 1/√3, டேன் 60 டிகிரி √3. முன்னதைப் போல் பின்னது மூன்று மடங்கு. ஆகவே தூரம் பாதியாகவில்லை, மூன்றில் ஒரு பங்காகியிருக்கிறது. நடந்த 40 மீட்டர் மீதி இரண்டு பங்கு என்பதால் முதல் தூரம் 60 மீட்டர், இரண்டாவது 20 மீட்டர், உயரம் 20√3 மீட்டர்.

இந்தத் தவறு எளிதில் வரக்கூடியதே. மிகச் சிறிய கோணங்களில் அவர் நினைத்தது ஏறக்குறைய உண்மையும்கூட: டேன் 1 டிகிரி 0.01746, டேன் 2 டிகிரி 0.03492. கோணம் பெரிதாகப் பெரிதாகத்தான் அந்த ஒழுங்கு குலைகிறது. 45 டிகிரியை இரட்டித்துப் பாருங்கள். 90 டிகிரியில் உச்சி நேர் மேலே இருக்கும், நீங்கள் கோபுரத்தின் அடியிலேயே நிற்பீர்கள், தூரம் பாதியாக அல்ல, சுழியமாகவே ஆகிவிடும்.

இதே கணக்கை டேன் இல்லாமல், வடிவியலால் மட்டும் செய்வது எனக்கு இன்னும் பிடித்த வழி. நின்ற இரண்டு இடங்களையும் உச்சியையும் இணைத்து ஒரு முக்கோணம் வரையுங்கள். 60 டிகிரி அந்த முக்கோணத்தின் வெளிக்கோணம். வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணங்கள் இரண்டின் கூடுதலுக்குச் சமம் என்பதால், உச்சியில் உள்ள கோணமும் 30 டிகிரியாகிறது. இரு கோணங்கள் சமமாக இருப்பதால் இது இருசமபக்க முக்கோணம். எனவே இரண்டாவது இடத்திலிருந்து உச்சிக்குள்ள சாய்தூரம், நாம் நடந்த அதே 40 மீட்டர். அதைக் கர்ணமாகக் கொண்ட செங்கோண முக்கோணம், பக்கம் 40 மீட்டர் உள்ள சமபக்க முக்கோணத்தில் சரிபாதி. அடி 20, உயரம் 20√3, வேலை முடிந்தது.

எண் கணக்கிலும் ஓர் எச்சரிக்கை: √3-ஐ கடைசி வரியில் மட்டும் 1.732 என்று மாற்றுங்கள். முதல் தூரம் உயரத்தைப் போல் √3 மடங்கு, இரண்டாவது 1/√3 மடங்கு, இரண்டின் வித்தியாசம் 40 மீட்டர் என்று கணக்கிடுபவர், தொடக்கத்திலேயே 1.732, 0.577 என்று போட்டுக் கழித்து, 40-ஐ 1.155-ஆல் வகுத்தால் 34.63 வரும், முறை சரியாக இருந்தும் கடைசி இலக்கம் பிசகிவிடும்.

அந்த இருசமபக்க முக்கோணம் கோணம் இரட்டிக்கும் எல்லாக் கணக்குகளிலும் கிடைக்கும். கோணங்கள் 15, 30 டிகிரி என்றும் நடந்த தூரம் அதே 40 மீட்டர் என்றும் கேட்டால், டேன் 15 டிகிரியின் மதிப்பைத் தேட வேண்டியதே இல்லை. சாய்தூரம் 40, சைன் 30 டிகிரி (உயரத்தைச் சாய்தூரத்தால் வகுத்துக் கிடைப்பது) அரை, ஆகவே உயரம் 20 மீட்டர்.