நீலக் குழந்தைகளும் பக்கவாதமும்

வணக்கம் நேயர்களே. பக்கவாதம் என்றதும் வயதானவர், பிரஷர், சர்க்கரை என்றுதான் நினைப்பு ஓடும். ஆனால் அது குழந்தைகளுக்கும் வரும். பிறந்த சில நாட்களிலேயே கூட வரலாம். காரணம் தேடிப் போனால் அடிக்கடி எதிர்ப்படுவது பிறவியிலேயே இதயத்தில் இருந்த கோளாறு.

நூற்றில் ஏறக்குறைய ஒரு குழந்தை இதயக் கோளாறோடு பிறக்கிறது. எல்லாப் பெற்றோரும் பதற வேண்டாம். சின்ன ஓட்டைகளில் பல தானாகவே மூடிக்கொள்ளும். நான் பேச வந்தது உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும் குழந்தைகளைப் பற்றியும், இதய ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றியும்.

உடலைச் சுற்றி வரும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலுக்குப் போய், பிறகுதான் இடப்பக்கம் வழியாக மூளைக்கு ஏறும். காலில் ஒரு சின்ன ரத்தக் கட்டி உண்டானாலும் நுரையீரலின் நுண்குழாய்கள் வடிகட்டி போல அதைப் பிடித்துக்கொள்ளும். நீலக் குழந்தைகளுக்கோ ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலைத் தொடாமலே வலமிருந்து இடம் தாண்டிவிடுகிறது. கட்டி நேரே மூளைக்குப் போய் அடைக்க வழி இருக்கிறது. இவர்களுக்குச் சலைன் ஏற்றும்போது குழாயில் துளிக் காற்றுக் குமிழி கூட இருக்கக் கூடாது என்று நர்ஸ் தட்டித் தட்டிப் பார்ப்பது இதனால்தான். கிருமிகளும் இதே குறுக்கு வழியில் மூளைக்கு ஏறிச் சீழ்க்கட்டி உண்டாக்குவது உண்டு.

அடுத்தது இரும்புச்சத்து. எனக்குத் தெரிந்து அதிகம் கோட்டை விடுகிற இடம் இது. ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் உடல் சிவப்பணுக்களை அள்ளி அள்ளி உண்டாக்கும். ஹீமோகுளோபின் 18, 20 என்று காட்டும். "இவ்வளவு ரத்தம் இருக்கே, இரும்பு டானிக் எதுக்கு டாக்டர்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அத்தனை அணுக்களையும் உண்டாக்கியே இருப்பில் இருந்த இரும்பு தீர்ந்து போயிருக்கும். இரும்புக் குறைவுள்ள நீலக் குழந்தைகளுக்குப் பக்கவாத ஆபத்து கூடுதல். மற்ற பிள்ளைகளுக்கு 12 என்பது நல்ல அளவு. இவர்களுக்கு அதுவே ரத்தசோகையாக இருக்கலாம். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாந்தி பேதி வந்தால் ஏற்கெனவே கெட்டியான ரத்தம் இன்னும் கெட்டியாகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

சரி, ஆபரேஷன் முடிந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? கலிபோர்னியாவின் வட பகுதியில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 19 மடங்கு என்று தெரிந்தது. ஆபரேஷன் ஆகிப் பக்கவாதம் வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, கடைசி ஆபரேஷன் முடிந்து 5 ஆண்டுகளுக்குப் பிறகே அது வந்திருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போய் ஓடியாடுகிற காலம் அது. டாக்டரிடம் காட்டுவதையும் பலர் விட்டிருப்பார்கள். எண்ணிக்கையில் இது அபூர்வம்தான். 19 மடங்கு என்றதும் மிரள வேண்டாம், ஆனால் செக்கப்பை விடாதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. பிள்ளைக்கு அம்மை போட்டாலோ ஃப்ளூ காய்ச்சல் வந்தாலோ அன்றே இதய டாக்டரைக் கேளுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் கல்லீரலையும் மூளையையும் கடுமையாகத் தாக்கக்கூடும்.

அறிகுறிகள் திடீரென்று வரும். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு பக்கக் கை கால் துவளும், பேச்சு குழறும். குழந்தைகளுக்கு வலிப்போடு தொடங்குவதும் சகஜம். அப்போது வெறும் வலிப்பு என்று நினைத்து நேரம் போய்விடுகிறது. அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக, "இவனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு, ஒரு பக்கம் பலமில்லை" என்று சொல்லுங்கள். டாக்டரின் யோசனை உடனே மூளை ஸ்கேன் பக்கம் திரும்பும்.

கைக்குழந்தைகளிடம் இப்படி வெளிப்படையாகத் தெரியாது. ஒரு வயதுக்குள் இடது கை, வலது கை என்ற பழக்கம் எதுவும் நிலைக்காது. கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டினாலும் குழந்தை ஒரே கையால் மட்டும் எட்டிப் பிடித்து, மற்ற கையை மூடியே வைத்திருந்தால், இடது கைப் பிள்ளை போல என்று விட்டுவிடாமல் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.