வலிக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை: எண்டோமெட்ரியோசிஸ் வலியும் மருந்துகளும்

[காட்சி: சில தேதிகள் வட்டமிடப்பட்ட சுவர் நாட்காட்டி]

வலி பொறுக்க முடியாத நிலைக்கு வந்த பிறகே நம்மில் பலர் மாத்திரையைத் தேடுகிறோம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு அந்தத் தாமதம் மருந்தின் பலனையே குறைத்துவிடுகிறது.

[காட்சி: கருப்பை, சினைப்பைகளின் வரைபடம்]

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் இடுப்புக்குழியின் பிற இடங்களிலும் வளர்வதே இந்நோய். உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பெண்களுக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மாதவிடாயின்போது புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் பெருமளவில் சுரந்து, கருப்பையை இறுக்கி, நரம்புகளைத் தூண்டுகிறது.

இபுப்ரூஃபன், நாப்ராக்ஸன், மெஃபனமிக் அமிலம் ஆகிய வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே உருவானதை அகற்றா. ஆகவே, மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வலி தொடங்குவதற்கு முன்போ தொடங்கிய உடனேயோ உணவுக்குப் பின் மாத்திரையைப் போட்டு, முதல் சில நாட்களுக்கு அவர் சொன்ன இடைவெளியில் தொடர்வது நல்லது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மெஃபனமிக் அமிலத்தால் காய்ச்சலும் தோல் தடிப்பும் கூடிய கடுமையான ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-இல் எச்சரித்தது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் பழக்கம் நம்மிடையே இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

[காட்சி: மாத்திரை அட்டை]

வலி மாத்திரை அன்றைய வலியை மட்டுமே தணிக்கும். திசுவை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் என்பதால், அதன் வேகத்தைக் குறைக்க ஹார்மோன் சிகிச்சை வேண்டும். கருத்தடை மாத்திரைகளையும், கருப்பைக்குள் பொருத்தும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் சாதனத்தையும் போலவே, நாள்தோறும் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட் என்னும் ஹார்மோன் மாத்திரையும் இதற்குத் தரப்படுகிறது. டைனோஜெஸ்ட்டின் முதல் சில மாதங்களில் ஒழுங்கற்ற இரத்தக்கசிவு வரலாம். அதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து ஒரு பெண் பாதியிலேயே நிறுத்திவிடக்கூடும். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பக்கூடும். கருத்தரிக்க முயல்பவர்களுக்கு இவ்வழி பொருந்தாது.

இவை போதாதபோது வருவது, ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் லூப்ரோலைடு ஊசி. உடலில் ஈஸ்ட்ரோஜன் வெகுவாகக் குறைவதால் மாதவிடாய் நின்ற காலத்தைப் போல உடல் தகித்து வியர்ப்பதும் எலும்பின் அடர்த்தி குறைவதும் உண்டு. இவற்றைத் தணிக்கச் சிறிதளவு ஹார்மோனும் சேர்த்துத் தரப்படும். ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும், அமெரிக்காவில் 2018-இல் ஒப்புதல் பெற்ற எலகோலிக்ஸ் மாத்திரைக்கும், எலும்பு தேயும் என்ற அதே காரணத்தால், கால வரம்பு உண்டு.

[காட்சி: நோட்டுப் புத்தகத்தில் எழுதும் கை]

பல ஆண்டுகள் வலியிலேயே கழிந்தால் நரம்பு மண்டலம் வலியை எளிதில் உணரும்படி கூர்மையடைந்து, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வலிக்கத் தொடங்கக்கூடும். அப்போது சிலருக்கு, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்ப்பதுண்டு. இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபியும் உதவலாம். எந்த மருந்து என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு உங்கள் குறிப்பு தேவை. வலி எந்த நாளில் வந்தது, மலம் கழிக்கும்போதோ உடலுறவின்போதோ வலித்ததா, மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் தணிந்தது என்று இரண்டு மூன்று மாதங்கள் எழுதி, அந்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.