ட்ரூகிரிப்ட் நின்ற பிறகு

வணக்கம் நேயர்களே. 2014 மே 28 அன்று ட்ரூகிரிப்ட் மென்பொருளின் தளத்தைத் திறந்தவர்கள் திகைத்துப் போனார்கள். "இது பாதுகாப்பானதல்ல, சரிசெய்யாத ஓட்டைகள் இருக்கலாம், விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் பூட்டு மென்பொருளான பிட்லாக்கருக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு. ஹார்ட் டிஸ்கில் உள்ளதை மறையாக்கம் செய்து பூட்டிவைக்கும் இலவச மென்பொருள் அது. எழுதியவர்கள் தங்கள் பெயரையே வெளியிடாதவர்கள். அப்புறம் யாரைப் போய்க் கேட்பது? கூடவே வந்த 7.2 பதிப்பில் பழைய பூட்டைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட முடியாது.

பலர் முந்தைய 7.1ஏ பதிப்பிலேயே தங்கிவிட்டார்கள். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். நிரல் எல்லாரும் படிக்கும்படி கிடந்ததால், பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் அதற்கு ஒரு தணிக்கை நடந்துகொண்டிருந்தது. 2015 ஏப்ரலில் முடிவு வந்தது: சில குறைகள் உண்டு, ஆனால் வேண்டுமென்றே வைத்த கள்ளவழி எதுவும் இல்லை. சரி, இனி கவலையில்லை என்று நினைத்தார்கள்.

அந்த செப்டம்பரிலேயே மென்பொருள்களில் ஓட்டை தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்ஷா, விண்டோஸுக்குள் ஆழமாக இயங்கும் அதன் டிரைவர் என்ற பகுதியில் இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். சாதாரணக் கணக்கில் நுழைந்த ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் பிடித்துக்கொள்ள அதில் ஒன்று வழிவிட்டது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை, தேடுகிறவர்கள்தான் நிற்கவில்லை. ட்ரூகிரிப்டில் அதை அடைக்க ஆளில்லை. வெராகிரிப்ட் என்ற மென்பொருளில் ஆள் இருந்தது. பிரான்சில் மௌனிர் இட்ரஸ்ஸி 2013இலேயே ட்ரூகிரிப்ட் நிரலிலிருந்து கிளைபிரித்துத் தொடங்கியது அது, 1.15 பதிப்பில் இரண்டு ஓட்டைகளும் அடைபட்டன.

ஆனால் வெராகிரிப்டும் ட்ரூகிரிப்டில் பூட்டிய பழைய கோப்புகளை என்றென்றைக்கும் திறந்துகொண்டிருக்கவில்லை. 2023இல் வந்த 1.26 வரிசையில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஆகவே வீட்டில் பழைய பென்டிரைவில் ட்ரூகிரிப்ட் கோப்பு ஏதாவது வைத்திருந்தால், வெராகிரிப்ட் 1.25.9 பதிப்பைத் தேடி எடுங்கள். முதலில் கோப்புக்கு ஒரு நகல். பிறகு கடவுச்சொல் மாற்றும் இடத்தில் 'ட்ரூகிரிப்ட் மோட்' என்பதை டிக் செய்து மாற்றினால், ட்ரூகிரிப்ட் 6, 7 வரிசைகளில் உருவாக்கிய கோப்புகள் புதிய வடிவத்துக்கு வந்துவிடும். விண்டோஸ் இருக்கும் டிரைவையே பூட்டியிருந்தால் இந்த வழி உதவாது. முழுவதும் திறந்து, மறுபடி பூட்டத்தான் வேண்டும். வணக்கம்.