ஜப்பானியரின் அன்றாடத்தைத் தாங்குவது நவீனமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் டோக்கியோ வாழ் தமிழ்ச் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"ஜப்பானியரின் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்பது மரபா, நவீனமா?" இதுதான் தலைப்பு. நவீனமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய மரபு அணித் தலைவர் இசே கோவில், புத்தாண்டில் கோவில் வாசலில் நிற்கும் கூட்டம், கோவில் கல்யாணம், சோறும் மிசோ சூப்பும், பெரியவர்களைப் பேணும் குடும்பம் என்று ஒன்றொன்றாக எடுத்து வைத்து, "ரயிலும் ரோபோவும் வெறும் மேல்பூச்சு, உள்ளே இருப்பது ஆயிரம் வருஷத்து ஜப்பான்" என்று முடித்தார். நல்ல பேச்சு. நானும்தான் கைதட்டினேன். ஆனால் பேச்சு அன்றாடத்தைப் பற்றியது என்பதால் நான் கோவிலில் தொடங்கவில்லை, அடுப்படியில் தொடங்குகிறேன்.

சோறு என்றீர்கள். 1955க்கு முன்னால் அந்தச் சோறு எப்படி இலைக்கு, மன்னிக்கவும், கிண்ணத்துக்கு வந்தது? கமதோ என்று ஒரு அடுப்பு. வீட்டுப் பெண் இருட்டோடு எழுந்து விறகு மூட்டி, முதலில் சிறுதீ, அப்புறம் பெருந்தீ, பிறகு தணல் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு பழமொழியே வைத்திருந்தார்கள், அதன் கடைசி வரி என்ன தெரியுமா? குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே! அந்த ஒரு வரி போதும் எனக்கு. பச்சைக் குழந்தை அழுகிறது, தாயின் கண் பானையின் மேல் இருக்கிறது, இது ஒரு நாள் கதை இல்லை, வருஷம் முழுக்க, தலைமுறை தலைமுறையாக.

1955 டிசம்பரில் தோஷிபா மின்சார அரிசி குக்கரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உருவாக்கியவர் மினாமி யோஷிததா, சின்னப் பட்டறை நடத்தியவர். அவர் பட்டறையில் தட்டிக்கொண்டிருக்க, அவருடைய மனைவி ஃபுமிகோ வீட்டில் சோறு ஆக்கி ஆக்கிப் பார்த்து, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சூடு, வெயில் நாளில் எப்படி, குளிர் நாளில் எப்படி என்று குறித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்த வழி அவ்வளவு எளிமை: இரண்டு பாத்திரம், ஒன்றுக்குள் ஒன்று. வெளிப்பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர். அது ஆவியாகித் தீர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும், தீர்ந்ததும் சூடு 100 டிகிரியைத் தாண்டும், உடனே இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். பானைப் பக்கம் யாரும் உட்கார வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு விடியற்காலைத் தூக்கம் திரும்பக் கிடைத்தது. ஜப்பானிய உணவு மரபை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததை எதிரணி பெருமையாகச் சொன்னது, எனக்கும் பெருமைதான். அந்த மரபின் நடுவில் இருக்கும் சோற்றை இன்றைக்கு வீட்டுக்கு வீடு ஆக்கித் தருவது எது? சுவரில் செருகியிருக்கும் பிளக்!

அடுத்து, பெரியவர்களைப் பேணும் குடும்பம். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. குடும்பம் பேணியது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். குடும்பத்தில் யார்? மூத்த மகனின் மனைவி. மாமனாருக்கு மாமியாருக்குச் சோறு ஊட்டுவது, உடம்பு துடைப்பது, இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் அவள் தலையில்தான். சம்பளமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 40 வயது ஆனவர்கள் எல்லாரும் கட்டணம் செலுத்துகிறார்கள். தேவைப்படும்போது உடல்நிலையைப் பார்த்துத் தரம் பிரித்து, எந்த உதவி வாரத்தில் எத்தனை முறை என்று திட்டம் போட்டுத் தருகிறார்கள். காலையில் நம் தெருக்களில் நின்று பெரியவர்களைக் கைபிடித்து ஏற்றிப் போகும் அந்த வெள்ளை வேன்களைப் பார்த்திருப்பீர்கள், பகல் நேரப் பராமரிப்பு மையத்துக்குப் போகின்றன. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்குக் குளியல் தொட்டியையே வீட்டுக்குள் கொண்டு வந்து, வெந்நீர் நிரப்பி, ஒரு குழுவாக நின்று குளிப்பாட்டிவிட்டுப் போகிறார்கள். குளியலை உயிராக நினைக்கும் ஒரு மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

தனியாகச் செத்துக் கிடக்கும் முதியவர்களைப் பற்றி எதிரணி கேட்டது. உண்மை, மறுக்கவே மாட்டேன், அப்படி ஒரு செய்தியைப் படிக்கும் நாளில் எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் 100 பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டிய நாட்டில், பிறக்கும் குழந்தைகள் 2024இல் 7 லட்சத்துக்கும் கீழே போய்விட்ட நாட்டில், அந்தப் பழைய மருமகளை எங்கே தேடுவீர்கள்? தேடினாலும், அவளை மறுபடி அந்த இடத்தில் உட்கார வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரி, கோவிலுக்கு வருகிறேன்.

புத்தாண்டுக் கோவில் வழிபாடு, ஹட்சுமோதே. ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்றார் தலைவர். ஜனவரி 1 என்பதே ஜப்பானுக்கு 1873இல்தான் புத்தாண்டு ஆனது, அரசாங்கம் சந்திர நாட்காட்டியை விட்டுவிட்டுச் சூரிய நாட்காட்டிக்கு மாறியதால். அதற்கு முன்னால் பக்கத்துக் கோவிலில் இரவு தங்குவது, அந்த வருஷத்துக்கு நல்ல திசை எதுவோ அந்தத் திசையில் இருக்கும் கோவிலுக்குப் போவது என்று வழக்கங்கள் இருந்தன. பேர்போன ஒரு பெரிய கோவிலுக்கு ஊரே கிளம்பிப் போகும் இன்றைய வழக்கம் ரயிலோடு வளர்ந்தது. 1872இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே ரயில் ஓடத் தொடங்கியதும் கவாசாகி தாய்ஷி கோவிலுக்குப் போவது சுலபமானது. 1899இல் அந்தக் கோவிலுக்கென்றே ஒரு மின்சார ரயில் பாதை போட்டார்கள், நாம் இன்று ஏறும் கெய்க்யூ ரயிலின் தொடக்கமே அதுதான். ரயில் நிறுவனங்கள் போட்டி போட்டு விளம்பரம் செய்து வளர்த்த கூட்டம் இது. இதனால் அந்தப் பக்தி பொய்யாகிவிடாது, கைகூப்பி நிற்கும் மனசு உண்மையானது. அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த வழியைத்தான் காட்டுகிறேன்.

கோவில் கல்யாணமும் இப்படித்தான். ஜப்பானின் சொந்தச் சமயமான ஷிந்தோவின் முறைப்படி நடக்கும் திருமணத்தைப் பார்த்து நாம் தொன்மை என்று நினைத்துக்கொள்கிறோம், 1900இல் பட்டத்து இளவரசர் யோஷிஹிதோவின் திருமணம் அரண்மனைச் சன்னிதியில் நடந்த பிறகுதான், அதைப் பார்த்து டோக்கியோவின் ஹிபியாவில் இருந்த ஒரு கோவில் பொதுமக்களுக்கும் அப்படிச் செய்துவைக்கத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலும் வீட்டிலேதான் கல்யாணம். ஜூடோ தொடங்கியது 1882இல், வானொலி உடற்பயிற்சி 1928இல். போதும்.

இசே கோவில் நிஜமாகவே பழையது, அதில் எனக்கு வாதமே இல்லை. 690 முதல், 20 ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. ஆனால் உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் அது நின்றே போயிருந்தது, இன்னொரு பக்கம் கோவிலின் சொந்தக் காட்டில் பெரிய மரங்கள் தீர்ந்து கிசோ மலையிலிருந்து வரவழைக்கும் நிலை வந்தது. 1923இல் உட்கார்ந்து 200 ஆண்டு நீளும் ஒரு வனத் திட்டம் போட்டு ஹினோகி மரம் நட்டார்கள். அந்தக் காட்டு மரம் 2013 கட்டுமானத்துக்கே கொஞ்சம் பயன்பட்டது. பக்தியால் மட்டும் மரம் வளராது, அளந்து திட்டமிட்டு நட ஆள் வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது சிரித்துக்கொண்டு பேசும் விஷயம் இல்லை. 1995 ஜனவரி 17, காலை 5:46, கோபே நிலநடுக்கம். 6,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டுக்கு அடியிலேயே நசுங்கி இறந்தார்கள். பழைய மர வீடுகள், மேலே கனமான ஓட்டுக் கூரை. புயலுக்குப் பறக்காமல் இருக்கக் கனம் வேண்டும் என்பது முன்னோர் கணக்கு, அந்தக் கனமே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் இறங்கியது. 1981இல் வந்த புதிய நிலநடுக்க விதிப்படி கட்டிய வீடுகள் பெரும்பாலும் தாங்கின. 2011 பெரும் நிலநடுக்கத்தில், பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷின்கன்சென் அதிவேக ரயில்கூடத் தடம் புரளவில்லை. கடலோரத்து நில அதிர்வுமானி முன்கூட்டியே உணர்ந்து மின்சாரத்தைத் துண்டித்து, வண்டிகள் வேகம் குறைந்திருந்தன. இந்த அரங்கம் இப்போது குலுங்கினால் நாம் எதை நம்பி மேஜைக்கு அடியில் போவோம், நடுவர் அவர்களே?

மரபு சில சமயம் உயிருக்கே குறுக்கே நிற்கும். 2018 ஏப்ரலில் மாய்சுரு நகரில் சுமோ மேடையில் பேசிக்கொண்டிருந்த மேயர் மயங்கி விழுந்தார். அந்த மேடையில் பெண்கள் ஏறக் கூடாது என்பது சுமோ மரபு. ஆனாலும் பெண்கள் ஓடி வந்து நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார்கள். பெண்கள் மேடையை விட்டு இறங்கவும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது! மேயர் பிழைத்தார். சுமோ சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அவரை மன்னிப்புக் கேட்க வைத்தது எது? அந்தக் காணொளியைப் பார்த்துக் கொதித்த இன்றைய ஜப்பானியர்கள்தான்.

கடைசியாக, குடும்பப் பெயர். கல்யாணம் ஆனால் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்ற சட்டம் 2015இலும் 2021இலும் செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. 100 ஜோடியில் ஏறக்குறைய 95இல் பெயரை விடுவது பெண். ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு பெயரில், கடவுச்சீட்டு இன்னொரு பெயரில் என்று அலைகிறார்கள். இதை மாற்றலாமே என்றால், குடும்ப மரபு என்கிறார்கள். இந்த மரபின் வயது என்ன? 1898இன் குடிமைச் சட்டம். அதற்கு 22 ஆண்டுக்கு முன்னால், 1876இல், மெய்ஜி பேரரசர் காலத்து அதே அரசாங்கம், மனைவி பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தது.

அப்படியானால் இது உங்கள் நவீனம் செய்த கேடுதானே என்று எதிரணி குறித்துக்கொள்வது தெரிகிறது. ஆமாம், நவீன அரசாங்கம் செய்ததுதான். நவீனம் செய்த தவறைச் சட்டமன்றத்தில் வாதாடித் திருத்தலாம். ஓவர்டைமுக்கு வரம்பு இல்லாமல் ஆட்களைச் சாகடித்த வேலை முறைக்கு 2019இல் மாதம் 45 மணி நேரம் என்று சட்டம் எல்லை போட்டது, விதிவிலக்குகள் இருக்கின்றன, போதாது, இருந்தாலும் திருத்தம் தொடங்கிவிட்டது. அதே தவறுக்கு மரபு என்று பெயர் வைத்துவிட்டால் கைவைக்கவே பயப்படுகிறார்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: பெயரை விட்டுக்கொடுத்த அந்தப் பெண்ணிடம் நீங்கள் காக்கச் சொல்வது 1876இன் மரபையா, 1898இன் மரபையா? மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.